பாம்பு வாங்கப் போகும் பேரனுக்கு

இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லையே, சார் நலமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நலம்தான். இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். செல்போனைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேர்த்து வைத்ததை இன்று எழுதுகிறேன். நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்கார வேண்டாம்.

1986-இல் என்னிடம் பிளஸ் ஒன் படித்த ஒருவன் இப்போது அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் வகுப்புக்காரர்கள் கண்டுபிடித்தாலும் கமெண்டில் போட வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தான். குரலே சரியில்லை. "சார், பையன்கிட்ட நீங்கதான் பேசணும். நாங்க சொன்னா காதுல வாங்க மாட்டேங்கிறான்" என்றான். ஒரே பையன், வயது இருபது. காதல் கீதல் என்று நினைத்துவிட்டேன். இல்லையாம். பாம்பாம்.

பையன் இரண்டு வருஷமாக விஷமில்லாத ஒரு பாம்பை வீட்டில் வளர்க்கிறான். அமெரிக்காவில் அது சகஜம். கடையிலேயே கிடைக்கும், தீனிக்கு உறைய வைத்த எலியும் அதே கடையில் கிடைக்கும். (இதைக் கேட்டதும் என் வீட்டம்மா, "அந்த எலியை எங்க வைப்பாங்க, பிரிட்ஜிலயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். ஆமாம், பிரிட்ஜில்தான்.) இப்போது அவன் அடுத்த படிக்குப் போகிறான். மாங்ஷான் குழிவிரியன் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் மாங்ஷான் என்ற மலைப்பகுதியிலும் அதை ஒட்டிய காடுகளிலும் மட்டும் வாழும் பாம்பு அது. அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 1990-இல்தான். பாசி படிந்த பாறை மாதிரி பச்சையும் கறுப்பும் கலந்த உடல், வால் நுனி மட்டும் வெள்ளை, ஆறடிக்கு மேலும் வளரும். படத்தைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு.

நான் பேசத் தயங்கியதற்குக் காரணம் அப்பன்காரன் அடுத்துச் சொன்னதுதான். "சார், பாம்பைக் கண்டா அடிக்காதீங்கடா, அதைப் பாக்கக் கத்துக்கோங்கடான்னு எங்களுக்குச் சொன்னதே நீங்க. உங்க சுருட்டைப் பாம்புக் கதையை நான் இவனுக்குச் சின்ன வயசுல எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா?"

அந்தக் கதையில் அவனுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. தலைமையாசிரியருக்கும் தெரியாது. நாற்பது வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். காம்பவுண்டுச் சுவர் ஓரம் கருங்கல் குவித்திருந்தார்கள். அதன் அடியில் ஒரு சுருட்டை விரியன் இருந்தது. பயல்கள் கல்லோடு நின்றார்கள். நான் தடுத்து, கம்பால் தூக்கி ஒரு டப்பாவில் போட்டேன். அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. வெளியே கொண்டுபோய் விட்டிருக்கலாம். எனக்கு முப்பத்தொரு வயது, கொஞ்சம் பெயர் வாங்கும் ஆசை. ஆய்வகத்தில் ஒரு மரப்பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி, மேலே கம்பிவலை அடித்து, அதற்குள் மணல் போட்டு அதை வைத்துக்கொண்டேன். உடம்பை அரைவட்டமாக வளைத்துச் செதிலோடு செதிலை உரசி அது எழுப்பும் சத்தம் இருக்கிறதே, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி! உங்களில் பலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். "பாம்பு சார்" என்ற பட்டம் அப்போது வந்ததுதான். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்தால் பெட்டி காலி. கம்பிவலையின் ஒரு மூலை ஆணியை விட்டு மேலே தூக்கியிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். பாம்பை மலையில் விட்டுவிட்டேன் என்று முதல் பீரியடில் சொன்னேன். மூன்று நாள் அதே அறையில் செய்முறை வகுப்பு நடத்தினேன். நாற்பது பேர், பாதிப் பேர் காலில் செருப்பு கிடையாது. வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சியும் டார்ச் லைட்டோடு தேடுவோம். அவரிடம் மட்டும்தான் சொன்னேன், அதுவும் வேறு வழியில்லாமல். நான்காம் நாள் சாயங்காலம், ஸ்பிரிட் பாட்டில்கள் இருக்கும் அலமாரிக்கு அடியில் மடித்துப் போட்டிருந்த சாக்கை அண்ணாச்சி வெறுங்கையால் இழுத்தார். சாக்குக்குள் அந்தத் தோசைக்கல் சத்தம் கேட்டது. அவர் கைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும். கையை எடுத்துவிட்டார். கடிக்கவில்லை. சாக்கோடு சுருட்டிக் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். இப்போது அவர் இல்லை.

86-ஆம் வருஷத்துப் பிள்ளைகளே, அந்த மூன்று நாளைக்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? வெட்கம். வேலை போய்விடும் என்ற பயம். பட்டம் போய்விடும் என்ற பயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பிய பாம்பின் சொந்தக்காரனுக்கு முதலில் வருவது தன்னைப் பற்றிய கவலை. அதனால்தான் பையன் குரல் பதிவில் அனுப்பிய ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "தாத்தா, நான் கேர்ஃபுல்லா இருப்பேன். ஏதாவது ஆனாலும் ரிஸ்க் எனக்கு மட்டும்தானே?"

எனக்கு மட்டும்தானே என்கிறான். அந்த 'மட்டும்' பற்றித்தான் அவனுக்கு இரண்டு நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அவன் ஊரிலிருந்தே தொடங்கினேன். 2021 ஜூன் மாதக் கடைசியில் வட கரோலினாவின் தலைநகரான ராலேயில் ஒரு வீட்டு வாசல் திண்ணையில் வரிக்குதிரை நாகம் ஒன்றைப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கப் பாம்பு, விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும் வகை. பக்கத்தில் வசித்த 21 வயது இளைஞரின் சேகரிப்பிலிருந்து தப்பியது. இரண்டு மூன்று நாளில் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது, அது காணாமல் போனது முந்தின வருஷம் நவம்பரில் என்று! ஏழு மாதம். குழந்தைகள் விளையாடும் தெரு. அந்த மாநிலத்தில் விஷப்பாம்பு வளர்ப்பது குற்றமில்லை. பூட்டிய, தப்ப முடியாத கூண்டு வேண்டும், கூண்டின் மேல் பெயர் எழுதியிருக்க வேண்டும், கடித்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்க வேண்டும், தப்பினால் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கடைசி விதியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அந்த விதியைக் காப்பாற்ற வேண்டியவனோ தலைகுனிந்து நிற்கும் சொந்தக்காரன். அவர் மேல் நாற்பது குற்றச்சாட்டுகள் பதிவாயின. கடைசியில் தப்பியதைச் சொல்லாததற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த இளைஞரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் மூன்று நாள், அவர் ஏழு மாதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே இளைஞரை அந்த ஏழு மாதத்துக்கு நடுவில், மார்ச்சில், அவருடைய இன்னொரு பாம்பு கடித்திருக்கிறது. பச்சை மாம்பா. அதுவும் ஆப்பிரிக்காவுடையது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் சாதாரணமாக இருக்கும் விஷமுறிவு மருந்து அந்த நாட்டு ராட்டில் பாம்பு, காப்பர்ஹெட் போன்றவற்றுக்கானது. மாம்பாவுக்கு அது உதவாது. பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில் உள்ள ரிவர்பேங்க்ஸ் மிருகக்காட்சி சாலையிலிருந்து மருந்து கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். பேரனிடம் நான் கேட்டேன்: அந்த மிருகக்காட்சி சாலை மருந்தை எதற்காக வாங்கி வைத்திருந்தது? தினமும் அந்தக் கூண்டைத் திறந்து சுத்தம் செய்யும் அதன் ஊழியர்களுக்காக. இளைஞருக்குக் கொடுத்த பிறகு, புதிய மருந்து வந்து சேரும்வரை அந்த ஊழியர்கள் எந்தத் தைரியத்தில் கூண்டைத் திறப்பார்கள்?

பிரேசிலில் 2020-இல் நடந்ததும் இதேதான். தலைநகர் பிரேசிலியாவுக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவ மாணவர் ரகசியமாக வளர்த்த ஆசிய நாகம் அவரைக் கடித்தது. அந்தக் கண்டத்திலேயே நாகப்பாம்பு கிடையாது. சாவோ பாவ்லோவில் உள்ள புட்டான்டான் நிறுவனம் தன் ஆராய்ச்சியாளர்களுக்காக வைத்திருந்த மருந்தை அனுப்பித்தான் பிழைத்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு நண்பர் அந்தப் பாம்பைப் பெட்டியில் போட்டு, ஒரு வணிக வளாகத்துக்கு அருகே வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு போலீஸ் துருவியபோது இன்னும் பல பாம்புகள் வெளியே வந்தன. மறைப்பதுதான் இந்தக் கதைகளில் எல்லாம் இரண்டாவது காட்சி. ஜெர்மனியில் ஹெர்னே என்ற ஊரில் 2019-இல் ஒரு நாகம் தப்பி, நான்கு வீடுகளைக் காலி செய்து, பல நாள் தேடிப் பிடித்தார்கள். அந்த மாநிலத்தில் அதுவரை தனிச் சட்டமே இல்லை. 2021 ஜனவரியிலிருந்து சட்டம் வந்தது. ஒரு நாகம் போதுமாயிருந்தது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் பையன் பதில் வைத்திருந்தான். கெட்டிக்காரன். "அவங்க கேர்லெஸ் தாத்தா. பழக்கம் இல்லாதவங்க."

பழக்கம் உள்ளவர்களைப் பற்றிச் சொல்கிறேன் கேள் என்றேன். ராபர்ட் மெர்டென்ஸ் என்று ஒரு ஜெர்மானியர். பிராங்பர்ட்டில் உள்ள சென்கென்பெர்க் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர். ஊர்வன பற்றி அந்த நூற்றாண்டில் அவரைவிட அதிகம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் வீட்டில் ஆசையாக ஒரு ஆப்பிரிக்கக் குச்சிப் பாம்பு வளர்த்தார். நம் ஊர்ப் பச்சைப் பாம்பு மாதிரி ஒல்லியாக, காய்ந்த குச்சியைப் போல இருக்கும். 1975-இல் ஒரு நாள் தீனி கொடுக்கும்போது கடித்துவிட்டது. அந்தப் பாம்பின் விஷத்துக்கு மருந்தே இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ரத்தம் உறையும் தன்மையை இழந்து உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்க, 18 நாள் கிடந்து இறந்தார். வயது எண்பது. நடப்பதை நாட்குறிப்பாக எழுதினார். அவருக்கு முன்பு, 1957-இல், சிகாகோவின் கார்ல் ஷ்மிட்டும் அப்படித்தான். அடையாளம் கண்டு சொல்லச் சொல்லி மிருகக்காட்சி சாலை அனுப்பிய சின்னப் பூம்ஸ்லாங் பாம்பு கட்டைவிரலில் கடித்தது. குட்டிதானே, ஒன்றும் செய்யாது என்று இருந்துவிட்டார். ஒவ்வொரு அறிகுறியையும் மணிவாரியாக எழுதினார். மறுநாள் போய்விட்டார். ஷ்மிட்டுக்காவது அது தொழில், வேலை மேசையில் நடந்தது.

மெர்டென்ஸுக்குத் தெரியாத எதுவும் என் பேரனுக்குத் தெரிந்திருக்காது. மாங்ஷான் விரியனுக்கென்று தனி மருந்து எதுவும் தயாரிப்பில் இல்லை. உறவுக்காரப் பாம்புகளின் மருந்தை வைத்துக்கொண்டு டாக்டர்கள் சமாளிக்க வேண்டியதுதான். "அரிய பாம்பு" என்று சொல்லித்தானே அந்த வியாபாரி விலை வைக்கிறான்? அந்த 'அரிய' என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் அர்த்தம் வேறு. ஒரு பாம்பு அடிக்கடி மனிதரைக் கடித்தால்தான் அதற்கு மருந்து செய்யும் தொழிற்சாலை ஓடும். நம் நாட்டிலேயே பாருங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கிற்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ரப்பர் தோட்டங்களில் மூக்கு நுனி மேல்நோக்கி நிற்கும் ஒரு சின்னக் குழிவிரியன் தொழிலாளிகளைக் கடிக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதற்கே அந்த மருந்து கேட்பதில்லை. சீனாவின் ஒரு மலையில் ஒளிந்து வாழும் பாம்புக்கு யார் தொழிற்சாலை வைப்பார்கள்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உறவுக்காரர்களில் சிலருக்கு இது அமெரிக்கக்காரனின் பணக்கொழுப்பு, நமக்கென்ன என்று தோன்றலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ 58,000 பேர். வயலில் அறுப்பவர்கள், தரையில் படுப்பவர்கள், இருட்டில் வெளிக்குப் போகிறவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. என் சொந்தச் சித்தப்பா பம்புசெட்டுக்குப் போன வழியில் கட்டுவிரியன் கடித்துப் போனவர், குடும்பத்தில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் பாம்பைத் தேடிப் போகவில்லை. இந்த விஷத்துக்குப் பணம் கொடுத்து, கூரியரில் வரவழைத்து, படுக்கை அறைக்குப் பக்கத்து அறையில் வைப்பது என்பதை என் மனது ஒப்ப மறுக்கிறது. இதில் நியாயம் இருக்கிறதா, வெறும் கிழட்டுக் கோபமா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பையன் சொன்னதில் எனக்கு உடனே பதில் சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது. "இது காட்டுல புடிச்சது இல்ல தாத்தா. கூண்டுலயே பொறந்த குட்டி. காட்டுல அழிஞ்சு போனாலும் எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட மிஞ்சும்." இதில் உண்மை இருக்கிறது. மாங்ஷான் விரியன் கூண்டில் முட்டையிட்டுப் பொரிக்கிறது. தனியார் வளர்ப்பவர்களில் சிலருடைய கைப்பக்குவம் மிருகக்காட்சி சாலைகளே கேட்டுத் தெரிந்துகொள்ளும் தரத்தில் இருக்கும். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் குட்டியின் பாட்டி எங்கே பிறந்தாள்? அந்தப் பாம்பு வாழும் இடம் சின்னது, எண்ணிக்கையும் குறைவு. அழியும் நிலையில் உள்ளது என்று பட்டியலில் இருக்கிறது. 2013-இல் சீனா கேட்டுக்கொண்டு அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெயர் வைத்தது 1990, கட்டுப்பாடு வந்தது 2013. நடுவில் 23 வருஷம் கதவு திறந்து கிடந்தது. டான்சானியாவில் 2011-இல் ஒரு புதிய கொம்பு விரியனைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு அவர்களில் ஒருவரின் மகள் மடில்டாவின் பெயரை வைத்தார்கள். கட்டுரையில் எல்லாம் எழுதினார்கள், எந்தக் காடு என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் சேகரிப்பவர்களுக்காகப் பிடிப்பவர்கள் வந்துவிடுவார்கள் என்று பயம். விலங்கியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று எழுதுவதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதையே மறைக்கும்படி ஆகிவிட்டது. பிரேசிலில் கெய்மாடா கிராண்டே என்று ஒரு தீவு, 43 ஹெக்டேர்தான். தங்க நிற ஈட்டித்தலைப் பாம்பு உலகத்திலேயே அங்கு மட்டும் இருக்கிறது. பொதுமக்கள் கால் வைக்கத் தடை. அப்படியும் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கிறார்கள். வாங்க ஆள் இருக்கும்வரை படகு போகும்.

நம் பக்கமும் ஒன்றும் சுத்தமில்லை. நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள 1972 வனவிலங்குச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே வெளிநாட்டுப் பாம்பு என்று ஒரு மோகம் வந்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் துணிப்பைக்குள் பாம்புகள் இருந்ததாகச் சென்னை விமான நிலையச் செய்தி அடிக்கடி வருகிறது, பார்த்திருப்பீர்கள்.

பாம்பைப் பெட்டியில் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1992-இல் உங்களில் சிலரைச் சுற்றுலா அழைத்துப் போனேனே, மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, நினைவிருக்கிறதா? பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள் பெயரையும் நான் மறக்கவில்லை. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. பாம்புத்தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு இல்லாமல் போன இருளர்களுக்காக ரோமுலஸ் விட்டேக்கரும் அவர்களும் சேர்ந்து உண்டாக்கியது. மண்பானைக்குள் பாம்பு, வாயில் துணி கட்டியிருக்கும். சில வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி உண்டு, அதற்கு மேல் கிடையாது. அந்த விஷத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிக் குப்பிகளுக்கு மருந்து. அங்கே ஒரு அம்மா பானையிலிருந்து கண்ணாடி விரியனை எடுத்ததைப் பார்த்து நம் பயல் ஒருவன், "ஆச்சி, இதுக்குப் பேர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். "அடுத்த மாசம் போயிடப் போறதுக்கு எதுக்குப் பேரு?" என்றார் அவர். அந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். பர்மா மலைப்பாம்பு புளோரிடாச் சதுப்பு நிலத்துக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? செல்லமாக வளர்க்க வாங்கி, தப்பியும் கைவிட்டும் பெருகியவைதான். இதையும் பேரனுக்குச் சொன்னேன். அது மட்டும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் வாங்கி வைத்திருக்கும் சாமான்களைப் படம் எடுத்து அனுப்பினான். பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி, நீளக் கொக்கிக் கம்பி, பாம்பின் தலையை உள்ளே விட்டுப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய், சுவரில் ஒட்டிய அவசரத் தாள். என்னுடைய மரப்பெட்டிக்கு இது எவ்வளவோ மேல். அந்தத் தாளைப் பெரிதாக்கிப் படித்தேன். கடிபட்டால் கூப்பிட வேண்டிய எண், விஷ ஆலோசனை மையம், பாம்பின் அறிவியல் பெயர், எல்லாம் இருக்கிறது. கீழே ஒரு வரி. வீட்டில் யாரும் இல்லாதபோது கூண்டைத் திறக்கக் கூடாது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவன் கூண்டைத் திறக்கும் நேரமெல்லாம் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரி, மகன் மயங்கினால் 911-ஐக் கூப்பிட்டு அந்தச் சீனப் பெயரைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். அவள் அந்த அறைக் கதவுக்குக் கீழே துண்டை வைத்து அடைத்துவிட்டுத்தான் இப்போதே படுக்கிறாளாம், பாம்பு வருவதற்கு முன்பே. ரிஸ்க் எனக்கு மட்டும்தானே என்றாயே கண்ணா, இந்தத் துண்டை உன் கணக்கில் எங்கே எழுதுவாய் என்றேன்.

மேரிலாண்டில் 2022 ஜனவரியில் ஒருவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார், சுற்றிலும் கூண்டுகளில் 124 பாம்புகள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்தது. பாம்பு விஷம்தான் காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் சொன்னார்கள். அந்த மாநிலத்தில் விஷப்பாம்பு வளர்க்கவே தடை. இதை அவனுக்குச் சொல்ல எழுதி, பிறகு அழித்துவிட்டேன். பயமுறுத்தி ஒரு பிள்ளையைத் திருத்தியதாக என் முப்பது வருஷ அனுபவத்தில் இல்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறார்கள். வந்தால் வடநெம்மேலிக்கு நானே அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கண் அதற்குள் தெளிந்துவிடும். அங்கிருந்து வந்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் நான் தடுக்கப் போவதில்லை, தடுக்க நான் யார்? அதுவரை மட்டும் நிறுத்தி வை என்று கேட்டேன். அட்வான்ஸ் திரும்ப வராதாம். போனால் போகிறது, அந்தப் பணத்தைத் தாத்தா தருகிறேன், ரூபாயில்தான் தருவேன் என்று நேற்று ராத்திரி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது.